பன்னிரண்டா, எட்டா?

நடுத்தர விலையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். புதியதில் நினைவகம் குறைவு, பழையதில் அதிகம். எதை வாங்குவது?

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களைத் தடுமாற வைக்கும் ஜோடி ஒன்று உண்டு. ஒரு பெட்டியில் ‘ஆர்.டி.எக்ஸ். 3060 - 12 ஜி.பி.’ என்று அச்சாகியிருக்கும். பக்கத்துப் பெட்டியில் ‘ஆர்.டி.எக்ஸ். 4060 - 8 ஜி.பி.’ இரண்டிலும் இருப்பது என்விடியா நிறுவனத்தின் சிப். 3060, 2021 பிப்ரவரியில் 329 டாலர் அறிவிப்பு விலையில் வெளிவந்தது. 4060, 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்தது. எண்ணில் பெரியது, வயதில் சிறியது, அறிவிப்பு விலையிலும் குறைந்தது. ஆனால் நினைவகம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைவு!

“புதுசையே எடுத்துக்குங்க சார்” என்பார் கடைக்காரர். “மெமரி ஜாஸ்தி இருக்கறதை வாங்குடா” என்பார் கூட வந்த நண்பர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவருமே காரணத்தைச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

உயர் ரகக் கார்டில் எல்லாமே தாராளமாக இருக்கும், விலையும் அப்படியே. நடுத்தர விலைக்கு இறங்கும்போது எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது என்று நிறுவனம் முடிவு செய்கிறது. 3060-இல் ஒன்றை வெட்டினார்கள், 4060-இல் வேறொன்றை வெட்டினார்கள். எந்த வெட்டு நம் வேலையில் கை வைக்காது என்று பார்ப்பதே வாங்குகிறவர் செய்ய வேண்டியது. அதற்கு, கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நொடிக்குப் பன்னிரண்டு கோடிப் புள்ளிகள்

முழு எச்.டி. திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. பெருக்கினால் 20,73,600. கேம் ஆடும்போது நொடிக்கு 60 முறை இந்தப் படம் புதிதாக வரையப்படுகிறது என்றால், நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். அந்தப் புள்ளியில் தெரிவது சுவரா, முகமா? வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறது? நிழல் இருக்கிறதா? ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை கேள்விகள். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசமோ ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 16.7 மில்லிசெகண்ட்.

நல்லவேளையாக, பெரும்பாலான கணக்குகள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. இடது ஓரப் புள்ளியின் நிறம் தெரியும்வரை வலது ஓரப் புள்ளி காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் சி.பி.யூ.வில் ஆறோ எட்டோ வலுவான கோர்கள் போதும் என்றிருக்கும்போது, ஜி.பி.யூ.வில் ஆயிரக்கணக்கான எளிய கணக்குப் பகுதிகளை அடுக்குகிறார்கள். என்விடியா இவற்றை ‘கூடா கோர்’ என்கிறது.

இங்கேயே முதல் ஆச்சரியம் காத்திருக்கிறது. பழைய 3060-இல் இப்படி 3,584 கோர்கள். புதிய 4060-இல் 3,072 தான். எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள்! ஆனால் ஓடும் வேகத்தைப் பாருங்கள்: 3060-இன் பூஸ்ட் வேகம் 1,777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2,460. ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்குச் செயல்கள் செய்யும். கோர்களின் எண்ணிக்கை, வேகம், இரண்டு - மூன்றையும் பெருக்கினால் 3060-க்கு நொடிக்குச் சுமார் 12.7 லட்சம் கோடிச் செயல்களும், 4060-க்கு 15.1 லட்சம் கோடியும் வருகின்றன. வித்தியாசம் ஏறக்குறைய 19 சதவீதம்.

முழு எச்.டி.யில் கேம்களை ஓட்டிப் பார்த்தவர்களின் சோதனைகளிலும் 4060 பொதுவாக 15 முதல் 20 சதவீதம் முந்துகிறது. ஆக, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. நினைவகம் போதும் என்கிற வரையில் புதியதே வேகமானது.

சின்ன சிப், குறைந்த மின்சாரம்

கோர்களைக் குறைத்துவிட்டு வேகத்தை ஏற்ற எப்படி முடிந்தது? 3060-இன் சிப்பைச் செய்தது சாம்சங், ‘8 நானோமீட்டர்’ எனப்படும் முறையில். அதன் பரப்பு 276 சதுர மில்லிமீட்டர். 4060-இன் சிப், தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் ‘4என்’ என்ற புதிய முறையில் தயாராவது. பரப்பு 159 சதுர மில்லிமீட்டர்தான்; பெரிய தபால்தலை ஒன்றின் பாதிகூட இல்லாத அந்த இடத்துக்குள் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள். பழைய பெரிய சிப்பில் இருப்பதைவிட இது கணிசமாக அதிகம்.

டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதை இயக்கக் குறைந்த மின்னழுத்தம் போதும். சிப் குடிக்கும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறையும். அதனால்தான் வேகத்தை அவ்வளவு ஏற்றிய பிறகும், 3060-க்கு 170 வாட் தேவைப்படும் இடத்தில் 4060-க்கு 115 வாட் போதுமாகிறது. இந்த 55 வாட் நம் வீட்டில் என்ன செய்யும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒன்பதோ பத்தோ ஏன் இல்லை?

கார்டின் மீதுள்ள விசிறியையும் அலுமினியத் தகடுகளையும் கழற்றிவிட்டுப் பார்த்தால், நடுவில் ஜி.பி.யூ. சிப். அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். அவைதான் நினைவகச் சிப்கள். 3060-இல் ஆறு இருக்கும். 4060-இல் நான்கு.

ஒவ்வொரு நினைவகச் சிப்பும் 32 இணைப்புகள் வழியாக ஜி.பி.யூ.வோடு பேசுகிறது. 3060-இல் ஆறு சிப்; ஆறு முப்பத்திரண்டு 192. 4060-இல் நான்கு சிப். நான்கு முப்பத்திரண்டு 128. பெட்டியில் ‘192 பிட்’, ‘128 பிட்’ என்று போட்டிருப்பது இதைத்தான். இந்த வகைச் சிப் 1 ஜி.பி., 2 ஜி.பி. என்ற இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. அப்படியானால் 3060-க்கு இரண்டே வழிகள்: ஆறு ஒன்று 6, அல்லது ஆறு இரண்டு 12. 2021-இல் 6 ஜி.பி. குறைவு என்பதால் 12 வந்தது. 4060-க்கு 4 அல்லது 8. நான்கு போதாது, ஆகவே எட்டு. ஒன்பதும் பத்தும் இந்தக் கணக்கில் வரவே முடியாது.

12 ஜி.பி. என்பது அந்தஸ்தின் அடையாளம் இல்லை என்பதற்கு இன்னொரு சான்று: 3060 வந்த அதே தலைமுறையில் 499 டாலருக்கு விற்ற ஆர்.டி.எக்ஸ். 3070-இல் இருந்தது 8 ஜி.பி.தான். விலை கூடிய கார்டில் நினைவகம் குறைவு! ‘ஜி.பி. அதிகமானால் கார்டு உசத்தி’ என்று மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் இது.

நான்கு சிப்பை வைத்துக்கொண்டே அளவை இரட்டிப்பாக்க ஒரு வழி உண்டு. பலகையின் பின்பக்கத்திலும் நான்கு சிப்களை ஒட்டி, முன்னும் பின்னுமாக ஒரே இணைப்புகளைப் பகிர வைக்கலாம். 2023 ஜூலையில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. 16 ஜி.பி. கார்டு அப்படிச் செய்யப்பட்டதுதான். அதே கார்டின் 8 ஜி.பி. வடிவம் 399 டாலர்; இது 499. இடம் இரட்டிப்பானது, இணைப்பு அதே 128 பிட்டாகவே நின்றது.

அளவு ஒரு பக்கம். தரவு வந்துபோகும் வேகம் இன்னொரு பக்கம். 3060-இன் ஒவ்வோர் இணைப்பிலும் நொடிக்கு 15 கிகாபிட். 192-ஐ 15-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 360 ஜி.பி. 4060-இன் நினைவகச் சிப்கள் கொஞ்சம் வேகமானவை, இணைப்புக்கு 17 கிகாபிட். ஆனால் இணைப்புகள் 128 தானே? நொடிக்கு 272 ஜி.பி.தான் வருகிறது. அதிகக் கணக்குப் போடும் புதிய கார்டுக்கு, தரவு கொண்டுவரும் வழி பழையதைவிடக் குறுகல். கணக்குத் தெரிந்தவர்கள் 4060 வந்தபோது முகம் சுளித்தது இதனால்தான்.

கல்லாப்பெட்டி, அலமாரி, குடோன்

வழி குறுகலாக இருந்தும் 4060 எப்படி முந்துகிறது? பதில் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்-2 கேஷில் இருக்கிறது.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கேட்கப்படும் பொருட்களைக் கடைக்காரர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே, எழுந்திருக்காமல் எடுக்கும்படி வைத்திருப்பார். மற்றவை அலமாரியில். அங்கேயும் இல்லாதது அடுத்த தெருக் குடோனில். கிராபிக்ஸ் கார்டில் கல்லாப்பெட்டிப் பக்கம் என்பது கேஷ். அலமாரி, கார்டின் நினைவகம். குடோன், மதர்போர்டில் இருக்கும் சாதாரண ராம்.

3060-இன் எல்-2 கேஷ் 3 எம்.பி. 4060-இல் அதை 24 எம்.பி.யாக எட்டு மடங்கு பெரிதாக்கினார்கள். ஒரு ஃப்ரேமை வரையும்போது அதே தரவு மறுபடி மறுபடி தேவைப்படும். அது கேஷிலேயே கிடைத்துவிட்டால் நினைவகம் வரை போக வேண்டியதில்லை. குறுகலான வழி ஒரு குறையாகத் தெரியாது. என்விடியா 4060-இல் செய்த பேரம் இதுதான்: அகலத்தை வெட்டி, கேஷைக் கூட்டியது. ஏ.எம்.டி. நிறுவனமும் அதே ஆண்டு மே மாதம் 269 டாலருக்கு வெளியிட்ட ஆர்.எக்ஸ். 7600-இல் இதே பாதையில்தான் போனது: 128 பிட் இணைப்பு, 8 ஜி.பி. நினைவகம், கூடவே 32 எம்.பி. கேஷ்.

இந்தப் பேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. முழு எச்.டி.யில் ஒரு ஃப்ரேமுக்கு 20 லட்சம் புள்ளிகள் என்றால், 1440பி திரையில் சுமார் 37 லட்சம். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். புள்ளிகள் பெருகப் பெருக, தேடியது கேஷில் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அப்போது 272-க்கும் 360-க்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரியத் தொடங்கும். 4060-ஐ முழு எச்.டி. கார்டு என்று சொல்வதன் உள்ளர்த்தம் அதுவே.

அலமாரி நிரம்பினால்

கேஷ் எவ்வளவு பெரிதானாலும் அது நினைவகத்தின் அளவைக் கூட்டாது. கேமில் வரும் சுவர், மரம், சட்டைத் துணி, முகத்தோல் எல்லாவற்றின் மேற்பரப்புப் படங்களும் நினைவகத்தில் ஏறி உட்கார வேண்டும். இவற்றை டெக்ஸ்சர் என்பார்கள். தரம் கூடக் கூட இவை அடைக்கும் இடமும் கூடும்.

இந்தத் தேவை 2020-க்குப் பிறகு எகிறியது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள கேம் கன்சோல்களைப் பார்க்க வேண்டும். பெரிய கேம்கள் முதலில் கன்சோலை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் மொத்த நினைவகம் 8 ஜி.பி. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் 16 ஜி.பி. பழைய கன்சோல்களைக் கைவிட்டுப் புதியவற்றுக்கென்றே எழுதப்பட்ட கேம்கள் 2023 வாக்கில் கம்ப்யூட்டருக்கு வரத் தொடங்கியபோது, 8 ஜி.பி. கார்டுகளின் பாடு திண்டாட்டமானது. அந்த ஆண்டு மார்ச் மாதம் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ இதற்குப் பேர்போன உதாரணம். பின்னால் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சரிசெய்தன என்றாலும், உயர்ந்த டெக்ஸ்சர் தரத்தை 8 ஜி.பி.க்குள் அடக்குவது எளிதில்லை என்பதை அது எல்லாருக்கும் காட்டிவிட்டது.

நினைவகம் நிரம்பினால் கார்டு உடனே நின்றுவிடாது. தேவைப்படும் தரவை மதர்போர்டின் ராமிலிருந்து, பி.சி.ஐ.இ. இணைப்பு வழியாக எடுத்துவரும். 4060 தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜி.பி. எடுக்கிறது என்று பார்த்தோம். பி.சி.ஐ.இ. வழியாக எவ்வளவு? இங்கேதான் பெட்டியில் பெரிதாகப் போடாத ஒரு வெட்டு இருக்கிறது. 3060, பி.சி.ஐ.இ. நான்காம் தலைமுறையின் 16 தடங்களைப் பயன்படுத்துகிறது. 4060-இல் 8 தடங்கள்தான். ஸ்லாட்டில் செருகும் பகுதி முழு நீளமாக இருந்தாலும் பாதி இணைப்புகளுக்கு வேலையில்லை. 8 தடத்தில் நொடிக்குச் சுமார் 16 ஜி.பி. வரும். மதர்போர்டு பழையதாக, மூன்றாம் தலைமுறையாக இருந்துவிட்டால் அதிலும் பாதி, 8 ஜி.பி. இன்டெலின் பத்தாம் தலைமுறை புராசஸர்களும், ஏ.எம்.டி.யின் பி450 வகை மதர்போர்டுகளும் மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இ.யோடு வந்தவை. நம் வீடுகளில் இவை இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

272 எங்கே, 8 எங்கே? வழிந்த தரவு கொஞ்சமாக இருந்தாலும் கேம் தடுக்கித் தடுக்கி ஓடும். இந்தத் தடுமாற்றம் சராசரிக் கணக்கில் ஒளிந்துகொள்ளும் என்பதை வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நொடியில் 60 ஃப்ரேம்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 59 ஃப்ரேம்கள் தலா 10 மில்லிசெகண்டில் வந்துவிட்டன. கடைசி ஒன்று மட்டும் 400 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது. கூட்டினால் 990 மில்லிசெகண்ட். சராசரி நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல்! அட்டவணையில் பிரமாதமாகத் தெரியும். ஆடுகிறவர் கண்ணுக்கோ, படம் கிட்டத்தட்ட அரை நொடி உறைந்து நின்றது. அதனால், சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரியை மட்டும் பார்க்காமல் ‘1 சதவீதக் குறைந்த அளவு’ என்று கொடுத்திருக்கும் எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஃப்ரேம்களின் கதையை அதுதான் சொல்லும்.

நடுவில் செருகும் ஃப்ரேம்

4060-இன் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது டி.எல்.எஸ்.எஸ். 3. இதில் இரண்டு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, படத்தைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து, செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்குவது. இது 3060-இலும் உண்டு. மற்றொன்று, வரைந்த இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே, கேமைக் கேட்காமலேயே புதிதாக ஒரு ஃப்ரேமை ஊகித்துச் செருகுவது. என்விடியாவின் இந்த வசதி 40-ஆம் வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது.

அசைவு வழவழப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த ஃப்ரேம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்; ஆகவே மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்யும். ஏற்கெனவே நொடிக்கு 60 வாக்கில் ஓடும் கேமை இது மெருகேற்றும். 25-இல் திணறும் கேமைக் காப்பாற்றாது. இந்த வசதிக்கும் நினைவகத்தில் தனியாக இடம் வேண்டும் என்பதால், 8 ஜி.பி. நிரம்பும் நேரத்தில் இதைப் போட்டால் நிலைமை மோசமாகலாம். இதே வேலையைச் செய்யும் ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். 3, அதை ஏற்கும் கேம்களில் 3060-இலும் ஓடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேம் மட்டும்தானா?

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். மாலையில் பையன் கேம் ஆடுவான். பகலில் அக்கா பிளெண்டரில் முப்பரிமாணப் படம் செய்வாள். அப்பாவின் யூடியூப் சேனலுக்கு வீடியோ வெட்டுவதும் அதிலேயே. இப்படி இருந்தால் கணக்கு மாறும்.

பிளெண்டரில் ஒரு காட்சியை ஜி.பி.யூ.வில் ரெண்டர் செய்ய, அதன் வடிவங்களும் டெக்ஸ்சர்களும் நினைவகத்தில் அடங்க வேண்டும். கேமில் இடம் போதவில்லை என்றால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிவிட்டு ஆடலாம். வாடிக்கையாளர் கேட்ட காட்சியில் அப்படிச் சமாளிக்க முடியாது. ரெண்டர் ஊர்ந்து நகரும், அல்லது பிழைச் செய்தியோடு நிற்கும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இணையம் இல்லாமல் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் இப்போது பரவலாகியிருக்கிறது. 1,300 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு மொழி மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஓர் அளவுருவுக்கு 4 பிட் என்று சுருக்கினால், அரை பைட் வீதம் 6.5 ஜி.பி. உரையாடலை நினைவில் வைக்கவும், திரையைக் காட்டவும் மேலும் இடம் வேண்டும். 8 ஜி.பி. கார்டில் மூச்சு முட்டும், 12 ஜி.பி. கார்டில் தாராளமாக உட்காரும். இந்த வேலைக்கு நினைவகத்தின் அகலமும் முக்கியம். ஒவ்வொரு சொல்லை உருவாக்கவும் மாதிரி முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும், 24 எம்.பி. கேஷ் இங்கே ஒரு மூலைக்குக் காணாது. அளவிலும் அகலத்திலும் 3060 முந்தும் துறை இது.

வீடியோ பக்கம் காற்று மாறி அடிக்கிறது. ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தை 3060 படிக்கும், எழுதாது. 4060-இல் அதை எழுதும் தனிப் பகுதி சிப்பிலேயே இருக்கிறது. நேரலை செய்கிறவர்களுக்கும், குறைந்த அளவில் நல்ல தரத்தோடு வீடியோ பதிகிறவர்களுக்கும் இது நிஜமான லாபம்.

55 வாட்டின் விலை

நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால், 55 வாட் வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ஒரு பில்லுக்கு 13 யூனிட் கூடும். பெரிய தொகை இல்லை. ஆனால் கோடையில் ஏ.சி. ஓடி, பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளில் அந்தப் பதிமூன்றும் கண்ணில் படும். 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்து மாறிவிடுகிறது.

அதைவிட முக்கியமானது யு.பி.எஸ். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது 360 வாட் வாக்கில். புராசஸருக்கு 100, மானிட்டருக்கு 25, விசிறி, டிஸ்க், மதர்போர்டு எல்லாவற்றுக்கும் ஓர் 50 என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 4060-ஐச் சேர்த்து 290 வருகிறது. 3060-ஐச் சேர்த்தால் 345. கேம் நடுவில் கரண்ட் போனால் முதல் கம்ப்யூட்டர் நிதானமாக அணைக்க அவகாசம் தரும்; இரண்டாவது விளிம்பில் நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்டுகளுக்குமே என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். ஸ்டிக்கரில் மட்டும் 500 என்று போட்ட, பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 3060-ஐ மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பழைய 3060 வாங்குகிறவர்களுக்கு

3060 வந்த காலம் கிரிப்டோ சுரங்கத்தின் உச்சம். எத்தீரியம் நாணயத்தைச் சம்பாதிக்க இரவும் பகலும் கார்டுகளை ஓட்டினார்கள். சுரங்க வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டோடுதான் என்விடியா இந்தக் கார்டையே வெளியிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டால் சுரங்கம் தோண்டும் வேலை அதோடு முடிந்தது. அப்போது கைமாறிய கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிறைய. அப்படி ஓடிய கார்டெல்லாம் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கலாம், வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். வாரண்டி மிச்சம் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அரை மணி நேரமாவது கனமான கேம் ஓட்டி, வெப்பநிலையையும் விசிறிச் சத்தத்தையும் கவனித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

இன்னொரு கண்ணி, பெயரிலேயே இருக்கிறது. 2022 இறுதியில் அதே ‘3060’ என்ற பெயரில் 8 ஜி.பி. கார்டு ஒன்றும் வந்தது. ஆறு நினைவகச் சிப்களில் இரண்டைப் பிடுங்கியதுபோல: 128 பிட், நொடிக்கு 240 ஜி.பி. மட்டுமே. 4060-இன் பெரிய கேஷும் அதில் கிடையாது. இரண்டு கார்டுகளின் குறைகளும் ஒரே இடத்தில் சேர்ந்தது போன்ற அதை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் தவிர்ப்பது நல்லது.

ஆக, எது?

திரை முழு எச்.டி., வேலை பெரும்பாலும் கேம், மதர்போர்டு பி.சி.ஐ.இ. நான்காம் தலைமுறை, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் யு.பி.எஸ்.ஸும் சுமார் ரகம் - இப்படியென்றால் 4060. டெக்ஸ்சரை அவ்வப்போது ஒரு படி இறக்கத் தயாராக இருங்கள். பிளெண்டர், வீட்டிலேயே ஓட்டும் செயற்கை நுண்ணறிவு, பழைய மதர்போர்டு, நாலைந்து வருடம் மாற்றாமல் ஓட்டும் எண்ணம் - இவற்றில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பொருந்தினால், வாரண்டியோடு கிடைக்கும் 12 ஜி.பி. 3060. வேகத்தில் 15 சதவீதம் குறைந்தால் செட்டிங்கை ஒரு படி இறக்கிச் சமாளித்துவிடலாம். கார்டின் நினைவகத்தை ராம்போலப் பின்னால் வாங்கிச் செருக முடியாது; அது பலகையோடு ஒட்டியே வருகிறது.

முடிவெடுக்கும் முன், இப்போது கார்டு இருக்கிறவர்கள் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் ஜி.பி.யூ.வைச் சொடுக்கினால் கார்டின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள். உங்கள் பழக்கத்துக்கு எத்தனை ஜி.பி. வேண்டும் என்பதை எந்த விமர்சகரையும்விட அது சரியாகச் சொல்லும்.

இதே கேள்விகளைப் புதிய தலைமுறையிடமும் கேட்கலாம். 2025 மே மாதம் 299 டாலருக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 5060-இல் ஜி.டி.டி.ஆர். 7 என்ற புதிய வகை நினைவகம். 128 பிட்டிலேயே நொடிக்கு 448 ஜி.பி. ஓடுகிறது. அகலக் குறை தீர்ந்தது. அளவு மட்டும் அதே 8 ஜி.பி., தடங்களும் அதே எட்டு. அடுத்த மாதம் 349 டாலருக்கு வந்த ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யில் 16 ஜி.பி., 16 தடங்கள். வேகம் நொடிக்கு 320 ஜி.பி. அங்கேயும் பெயரில் கண்ணி உண்டு: அதே பெயரில் 8 ஜி.பி. வடிவமும் விற்கிறது. ‘கூடா’வை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் உங்களுக்கு வேண்டுமா என்பதை இந்த ஜோடியில் கூடுதலாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், அது ஏ.எம்.டி. கார்டுகளில் கிடையாது.

எதை வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கோர்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு, எத்தனை பிட், எத்தனை தடம் எல்லாம் ஒரே திரையில் வந்து நிற்கும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் சூட்டி விற்கும் போலிக் கார்டுகளையும் அது காட்டிக்கொடுக்கும். எண்கள் பெட்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால், பில்லோடு அன்றைக்கே கடைக்குத் திரும்புங்கள்.